இறக்கி வைக்கச் சொல்ல ஓர் ஆள்

குற்றாலம் பேரருவியை ஒருநாள் காலை அரைமணி நேரம் தடுத்து நிறுத்தியவன் சங்கிலிப்பாண்டி. ஆடி மாதம். பாறையையே புரட்டிப் போடுகிற வேகத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் நடுவில் போய் நின்று குனிந்து முதுகைக் கொடுத்தான். அந்த முதுகுக்குக் கீழே நின்ற பத்துப் பேர் ஒரு சொட்டு நனையாமல், கொண்டுபோன துண்டை உதறாமலே திரும்பி வந்தார்கள்.

இதில் அரைமணி நேரம் என்பது பொய். பத்துப் பேர் என்பதும் பொய். மூன்று பேர்தான், அதில் ஒன்று கைக்குழந்தை. நனையவில்லை என்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆனால் தண்ணீர் அவன் முதுகில் பட்டு இரண்டாகப் பிரிந்தது நிஜம். அங்கே ஒதுங்கியவர்கள் ஆசை தீரக் குளித்துவிட்டு, அவன் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனதும் நிஜம்.

அவன் இலத்தூர்க்காரன். அண்ணன்மார் இரண்டு பேரும் போலீசில் சேர்ந்துவிட்டார்கள். இவனும் ஆள் எடுப்புக்குப் போனான். மார்பளவு எடுக்க வந்தவருக்கு டேப்பு எட்டவில்லை. ஓட்டத்தில் மற்றவர்கள் ஓடி முடித்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறிய பிறகு இவன் கோட்டைத் தொட்டான். (குளித்தார்கள் என்பது மட்டும் கூட்டிச் சொன்னது.) அதோடு போலீஸ் ஆசை போயிற்று. தென்காசியில், செங்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு மரமில்லில் லோடுமேனாகச் சேர்ந்தான். மலையாளத்திலிருந்து லாரி லாரியாக வருகிற தடிகளை இறக்கி அடுக்குகிற வேலை.

அங்கேயும் அவனோடு சோடி சேர ஆள் கிடைக்கவில்லை. ஒரு தடியை இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கும்போது, உயரமானவனும் குட்டையானவனும் சேர்ந்தால் பாரம் முழுவதும் குட்டையானவன் பக்கம் சரியும். மில்லில் இவன் காதுக்கு வருகிற ஆள்கூடக் கிடையாது. மாடன் என்கிற பழைய லோடுமேன் ஒருநாள் தோளைத் தடவிக்கொண்டே கும்பிடு போட்டான்.

“எய்யா சங்கிலி, உன்கூட மறு முனை பிடிச்சா நான் இன்னும் ஒரு சாண் குட்டையாயிருவேன். எம் பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியாது. நீ ஒத்தையிலேயே தூக்குலே.”

அன்றிலிருந்து அவன் ஒற்றையில்தான் தூக்கினான்.

எழுபத்திரண்டாம் வருடம், வீட்டு நிலைக்கு மரம் எடுக்க வந்தார் பால்வண்ணநாதன். திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மாவட்டப் பளுதூக்கும் சங்கத்தின் செயலாளரும் அவரே. மரத்தைப் பார்க்க வந்தவர் மரத்தை மறந்துவிட்டு ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உன் எடை என்ன?”

“மில்லுத் தராசுல நூத்திப் பன்னண்டு காட்டுச்சு, அண்ணாச்சி.”

“நூத்திப்பத்துக்கு மேலன்னு ஒரு பிரிவு இருக்கு. நம்ம ஜில்லாவுல அதுக்கு ஆளே கெடையாது. நீ வந்து சும்மா நின்னாலே முதல் பரிசு, பாத்துக்கோ.”

அப்படியேதான் நடந்தது. ஆனால் சும்மா நிற்க அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் முதல் சிக்கல்.

இரண்டு விதமாகத் தூக்க வேண்டும் என்றார்கள். ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஒன்று. முதலில் தோளுக்கு ஏற்றி, அங்கிருந்து மேலே தள்ளுவது இன்னொன்று. அதற்கு ஜெர்க் என்று பேர். அவன் முதல் போட்டியில் நூறு கிலோவைத் தோளுக்கு ஏற்றி, மேலே தள்ளி, தள்ளிய கையோடு தண்ணீர்க் குடத்தை இறக்குவதுபோலப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது.

“தூக்கியாச்சுல்லா அண்ணாச்சி. பெறகு என்ன?”

“தூக்கினா போதுமாலே? அசையாம நிக்கணும். எதுத்தாப்புல உக்காந்திருக்காருல்லா நடுவரு, அவரு பாத்துக்கிட்டே இருப்பாரு. நீ ஆடாம நிக்கேன்னு தெரிஞ்சதும் ‘டவுன்’னு கைய இறக்குவாரு. அதுக்குப் பெறகுதான் கீழ போடணும். அவரு சொல்லுததுக்கு முன்னால போட்டா, நீ தூக்கினதே கணக்குல கெடையாது.”

“அப்போ தூக்குதது என் சோலி. இறக்குதது அவரு சோலியா?”

“அப்படித்தான் வச்சுக்கோ.”

மில்லுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். பிறந்ததிலிருந்து எத்தனையோ தூக்கியிருக்கிறான். போதும், இறக்கி வை என்று ஒருவரும் சொன்னதில்லை.

மில்லின் பின்பக்கத்தில் ஒரு பழைய பஸ் ஆக்சிலும், அதன் இரண்டு முனையிலும் மாட்ட இரும்புச் சக்கரங்களும் தேடிப் பிடித்தான். கீழே விழுந்தால் நோகாமலிருக்க மரத்தூளை முழங்கால் உயரம் கொட்டி வைத்தான். ஐந்து மணிக்குச் சங்கு ஊதி எல்லோரும் போன பிறகு, வெளிச்சம் இருக்கும் வரை தூக்குவான். சாரல் காலத்தில் தகரக் கூரையில் பொசுபொசுவென்று தூறல் விழுந்துகொண்டே இருக்கும். அது ஒன்றுதான் துணை. தூக்குவதில் குறை இல்லை. மேலே கொண்டுபோய் நின்ற பிறகு டவுன் சொல்ல ஆள் இல்லை. தானே மனதுக்குள் சொல்லிக்கொள்வான். தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற டவுன் எப்போதும் அரை நொடி முந்தி வந்துவிடும். மாடனைக் கெஞ்சி மூன்று நாள் உட்கார வைத்தான். நாலாம் நாள் மாடன், “எனக்குப் பஸ்ஸு போயிரும் சங்கிலி, உனக்கு டவுன் சொல்லிச் சொல்லி நான் வீட்டுக்கே போவ முடியல” என்று நழுவிவிட்டான்.

எழுபத்துநாலில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் கடையத்துக்காரி, பேர் முப்பிடாதி. அவன் தோளுக்கு வருவாள் என்று சொல்லி முடித்தார்கள். மணமேடையில் நின்றபோதுதான் அது விலா என்று தெரிந்தது. வாய் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். மூன்றாம் நாளே தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தவளை, அவன் ஒரு தடியின் மேல் உட்கார வைத்து விவரம் சொன்னான்.

“நான் மேல தூக்கி நிப்பேன். நீ மனசுக்குள்ள ரெண்டு எண்ணு. நான் ஆடாம இருந்தா டவுன்னு சொல்லு.”

“டவுனா? திருநவேலி டவுனா?”

“அது இல்லட்டி. இங்கிலீசுல கீழன்னு அர்த்தம்.”

“கீழன்னு சொல்லணும்னா கீழன்னு சொன்னாப் போதாதா? பாரத்த தலைக்கு மேல வச்சுக்கிட்டு இங்கிலீசு வேற கேக்குதா உங்களுக்கு?”

ஆனாலும் சொன்னாள். ஒரு மாதம் தினமும் வந்து தடியின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, கணீரென்று சொன்னாள். சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பாள். அவன் கை நடுங்கி, கண் பிதுங்கி, “ஏட்டி, சொல்லித் தொல” என்று கத்துவான். “டவுனுக்கு நேரடி பஸ் இல்ல, மாறித்தான் போவணும்” என்பாள். அந்த ஒரு மாதத்தில் அவன் ஜெர்க் பதினைந்து கிலோ கூடியது. பதினைந்து என்பது கூட்டல் இல்லை. பால்வண்ணநாதனின் நோட்டிலேயே இருக்கிறது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மழை விட்டு, வெயில் சாய்ந்து, மரத்தூளெல்லாம் மஞ்சளாக மின்னிய நேரம். அவன் தூக்கி நிறுத்தியதும் முப்பிடாதி டவுன் சொல்ல மறந்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “யம்மா, கோயில் தூணு மாதிரில்லா நிக்காரு, என் கண்ணே பட்டுரும் போலிருக்கே” என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, ஆக்சில் பின்பக்கம் சரிந்து தோளோடு அடித்துக்கொண்டு விழுந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் வைத்துக் கட்டி, மூன்று மாதம் படுக்கை.

அவன் எத்தனையோ சொன்னான். ஈரக்கை வழுக்கியது என்றான், சக்கரம் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது என்றான். அவள் கேட்கவில்லை. ஊர்க் கண்ணுக்கு மிளகாய் சுற்றிப் போடலாம். கட்டினவள் கண்ணுக்கு எதைச் சுற்றிப் போடுவது? அதற்குப் பிறகு அவள் மில் பக்கம் வரவில்லை. போட்டிக்கு அவன் கிளம்புகிற நாளில் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, அவன் படியிறங்குகிற வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். அவன், “வாரேன்” என்பான். சுவரைப் பார்த்தபடியே அவள், “போயிட்டு வாங்க” என்பாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வழியனுப்ப வேறு ஆளும் கிடையாது.

பளுதூக்கும் போட்டி என்றால் எடை குறைந்தவர்களில் ஆரம்பித்து வரிசையாக மேலே வருவார்கள். காலையில் ஐம்பத்திரண்டு கிலோப் பையன்கள் தூக்கும்போது கூட்டம் அலைமோதும். விசில் பறக்கும். எழுபத்தைந்து தாண்டும்போது பாதிப் பேர் சாப்பிடப் போவார்கள், போனவர்கள் வரமாட்டார்கள். நூற்றுப்பத்துக்கு மேல் என்று சங்கிலிப்பாண்டியின் பேரை வாசிக்கிறபோது, வாடகை நாற்காலிக்காரர்கள் உள்ளே வந்து டக்கு டக்கென்று மடக்கி அடுக்க ஆரம்பித்திருப்பார்கள். நடுவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவன் தூக்குவான். டவுன் என்பார்கள். வைப்பான். எதிரே கைதட்ட ஆள் இருக்காது. நாற்காலி மடங்குகிற சத்தத்தைக் கைதட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி ஐந்து வருடம் மாநிலத்தில் முதலாவது வந்தான். ஐந்து வருடமும் ஒருவனாகவே.

ஊரில் கேலி பண்ணாமல் விடுவார்களா? மெடலோடு வந்து இறங்கினால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

“ஏலே சங்கிலி, எத்தன பேரு வந்தானுவ உன் பிரிவுல?”

“நான் ஒருத்தன்தான்.”

“அப்பப் போட்டி பலமாத்தான் இருந்திருக்கும்!”

எழுபத்தாறில் வடக்கே நடந்த தேசியப் போட்டிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் ரயில். யாரும் பக்கத்தில் உட்காராததால் அவனுக்கு இடப் பஞ்சம் இல்லை. அங்கேதான் முதல்முறையாகத் தன் பிரிவில் இரண்டு பேரைப் பார்த்தான். ஒருவர் பஞ்சாபி, ஒருவர் வங்காளி. இரண்டு பேருமே அவனைவிடப் பெரியவர்கள். பேர் வாசிக்கும் வரை மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நடுவில் சங்கிலிப்பாண்டி. பாஷை புரியாது. பஞ்சாபி அவன் தொடையைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார், இவனும் சிரித்தான், வங்காளியும் சிரித்தார், பெஞ்சு முறிந்துவிட்டது. பெஞ்சு முறிந்ததை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் இரண்டு ஆளுக்கு நடுவில் உட்கார்ந்தான் என்பதை நம்ப வேண்டும். மூன்று பேரில் மூன்றாவதாக வந்தான். தனியாக வாங்கிய ஐந்து தங்கத்தையும் தகர டப்பாவில் போட்டுவிட்டு, அந்த வெண்கலத்தை மட்டும் ஆணியில் மாட்டினான்.

எழுபத்தொன்பதில் பால்வண்ணநாதன் மில்லுக்கே வந்தார். தேசிய முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் தேர்வு. ஜெர்க்கில் நூற்றறுபது கிலோ தூக்கினால் இடம் நிச்சயம்.

“உனக்கும் முப்பது ஆயிட்டு. இதை விட்டா இனிக் கூப்பிட மாட்டான். நூத்தி ஐம்பத்தஞ்சு தூக்குதவனுக்கு இன்னும் அஞ்சு கிலோ பெரிசா?”

சங்கிலிப்பாண்டிக்கு அஞ்சு கிலோ பெரிதாகத் தெரியவில்லை. ஏழு வருடமாகக் காலி அரங்கில் தூக்கிய அலுப்புத்தான் அஞ்சு கிலோவைவிடக் கனத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டான்.

“நாளைக்கு ஒரு தடவ வாயேன். இது ஒண்ணுதான். பெறகு நான் கேக்க மாட்டேன்.”

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினாள். “வேண்டாம். என் கண்ணு ஆவாது.”

“கண்ண மூடிக்கிட்டு நில்லு. நீ நிக்கேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“மூடிக்கிட்டு நிக்கதுக்கு வீட்லயே நிக்கேன்.”

காலையில் மிளகாய் சுற்றினாள், சுவரைப் பார்த்து நின்றாள். அவன், “வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றான். அவள் திரும்பவில்லை.

வழக்கம்போலத்தான் எல்லாம் நடந்தது. மூன்றரை மணிக்கு அவன் பேரை வாசித்தபோது நாற்காலிகள் அடுக்கி முடிந்துவிட்டன. நூற்று ஐம்பது சுலபமாகப் போயிற்று. நூற்றறுபது முதல் தடவை தோளோடு நின்றுவிட்டது. ஒரு வாய்ப்புத்தான் பாக்கி. உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூளைப் பூசிக்கொண்டு குனிந்தான். தோளுக்கு ஏற்றினான். மூச்சை இழுத்தான். காலைப் பிளந்து தள்ளினான். கம்பி மேலே போய் நின்றது. பிளந்த காலை ஒன்று சேர்த்தான். கழுத்து நரம்பு புடைத்து, மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் உதட்டுக்கு இறங்கியது. முழங்கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் நிற்கட்டும் என்று நடுவர் கையை உயர்த்தியபடியே காத்திருந்தார்.

அதற்கு மேல் நடந்ததாக அவன் ஊருக்குச் சொன்னது இதுதான். அரங்கின் கதவுகள் திறந்து கிடந்தன. வெளியே பஸ் நிறுத்தம். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கூவிய குரல் உள்ளே வந்தது. “டவுன்!”

சங்கிலிப்பாண்டி நூற்றறுபது கிலோவையும் கீழே போட்டான்.

நடுவரின் கை இன்னும் மேலேயே இருந்தது. மூன்று விளக்கும் சிவப்பு.

பால்வண்ணநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கண்டக்டரின் பையைப் பிடித்து இழுத்தார்.

“நீதானவே டவுன்னு கத்தினது?”

“ஆமா. ஏறுதீரா?”

“ஒரு மனுசன் ஏழு வருசப் பாட்டைக் கெடுத்துட்டியேய்யா!”

“டவுன் பஸ்ஸ டவுன்னு சொல்லாம லண்டன்னா சொல்லச் சொல்லுதீரு? ஏறுனா ஏறும், இல்லாட்டி வழிய விடும்.”

சங்கிலிப்பாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிக்காரர்களுக்கு ஒத்தாசையாக ஒரு தடவைக்கு இருபது நாற்காலியாகத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். எல்லாம் ஏற்றி முடிந்த பிறகுதான் தென்காசி பஸ்ஸைப் பிடித்தான்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. முப்பிடாதி அப்போதுதான் உலையை ஏற்றியிருந்தாள். ஆய்க்குடிக்கு, முருகன் கோயிலுக்குப் போயிருந்ததாகவும் பஸ் பிந்திவிட்டதாகவும் அவளாகவே சொன்னாள். நெற்றியில் திருநீறு இல்லை. அவன் கேட்கவில்லை. கண்டக்டர் கதையைச் சொன்னான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். புகை கண்ணைக் கரித்தது போலிருக்கிறது, முந்தானையால் துடைத்தாள்.

முகாமுக்கு வேறு ஓர் ஆள் போனார். அதற்குப் பிறகும் நாலு வருடம் சங்கிலிப்பாண்டி தூக்கினான். நூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. எண்பத்து மூன்றில் முட்டி பிசகியதோடு நிறுத்திக்கொண்டான். சீசனுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலைக்குப் போய்ப் பார்த்தான். அந்தக் கையிடம் ஒரு தடவை முதுகைக் கொடுத்தவர்கள் மறு தடவை வரவில்லை. திரும்பவும் மில்லுக்கே போய், தடி அளக்கிற மேஸ்திரியானான். பேர் மட்டும் மாறிவிட்டது. தென்காசியில் அவன் இப்போது ‘டவுன் சங்கிலி’. திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் போதும், தெரிந்த கண்டக்டர்கள் டவுன் நிறுத்தம் வந்ததும் அவன் காதருகே வந்து நின்று, “டவுன், டவுன், டவுன்! அண்ணாச்சி, கையில எதுவும் வச்சிருந்தா போட்டுராதீங்க” என்பார்கள். பஸ்ஸே சிரிக்கும். அவனும் சிரிப்பான். பக்கத்துச் சீட்டு காலியாகவே இருக்கும்.

எழுதியதெல்லாம் சரிதானா என்று கேட்க, எண்பத்தெட்டு ஐப்பசியில் ஒருநாள் பிற்பகல் இதை நான் அவர்கள் வீட்டிலேயே வாசித்துக் காட்டினேன். சங்கிலிப்பாண்டி சுவரோரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பிடாதி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அருவியை நிறுத்திய இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்டக்டர் வந்த இடத்தில் முறம் நின்றது.

“ஆச்சி, அந்தக் கண்டக்டரு பாவத்த அதுலருந்து எடுத்துருங்க.”

“ஏன், அவன் கத்தலையா?” என்று கேட்டேன்.

“அவன் நாளெல்லாம் கத்திக்கிட்டுத்தான் இருந்தான். இவுக கேட்டது அவன் சத்தம் இல்ல.” முறத்தைக் கீழே வைத்தாள். “அடுத்த பஸ்ஸுல பின்னாலயே போனேன். பாக்கக் கூடாதுன்னு முந்தானைய முகத்துல போட்டுக்கிட்டுத்தான் நின்னேன். முடியல, பாத்துட்டேன். மூக்குல ரத்தம் வருது, அந்த நடுவரு பாவி சொல்லாமயே நிக்கான். செத்துருவாகன்னு நெனச்சேன். நான்தான் சொன்னேன், டவுன்னு. கடைசி வரிசை நாற்காலிக்குப் பின்னால நின்னு நான்தான் சொன்னேன். ஒம்பது வருசமா இவுககிட்டச் சொல்ல வாய் வரல.”

சங்கிலிப்பாண்டி தலை நிமிரவில்லை. முறத்திலிருந்து சிதறிய உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் பக்கம் தள்ளினான்.

“நாற்காலியெல்லாம் அப்பவே அடுக்கியாச்சுட்டி. நீ ரெண்டாவது தூணுகிட்ட நின்ன. பச்சைச் சேலை.”